ஏழாம் எண் மூடி

டிசம்பர் 28, ஞாயிறு

என் மனைவி வடிவு ஓசூர் போய் இன்றோடு ஒன்பது நாள். மகளுக்குப் பிரசவத் தேதி ஜனவரி இருபது என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரையிலும், அதற்குப் பிறகு ஒன்றரை மாதமும், நான் தனியாகச் சமாளிக்க வேண்டும். வடிவு சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளில் பதினான்கு குறிப்புகள் இருக்கின்றன. ஆறாவது: "தக்காளியை நீங்களாகப் பொறுக்க வேண்டாம். கடைக்காரரை எடுத்துத் தரச் சொல்லுங்கள்." இன்று கடையில் கூட்டம். நானே பொறுக்கினேன். ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை. அரியும்போதாவது கல்லாக இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

மாலையில் தெரு நலச் சங்கக் கூட்டம். தெருக்கோடியில் பழைய உரக் கிடங்கின் சுற்றுச்சுவர் இருக்கிறது. எண்பத்திரண்டு அடி நீளம். குப்பை கொட்டவும் ஆண்கள் ஒதுங்கவும் பயன்பட்டு வருகிறது. அதில் தெருக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து படம் வரைவது என்று முடிவாயிற்று. பதினோராம் எண் வீட்டு ஓவிய ஆசிரியர் செக்கரியா மாதிரிப் படம் கொண்டுவந்திருந்தார். தெருவுக்கு உழைக்கிறவர்களின் படம். பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், தபால் கொண்டுவரும் பெண். நட்டநடுவில், எட்டடி உயரத்தில், விளக்குமாற்றுடன் உலகம்மாள். இருபத்தாறு வருடமாக எங்கள் தெருவைப் பெருக்குகிறவர். ஜனவரி முப்பத்தொன்றில் ஓய்வு பெறுகிறார்.

செயலாளர் பூதலிங்கம் தொண்டையைச் செருமினார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மாவ நட்டநடுவுல போடணுமா? ஓரமா போட்டா என்ன? போட வேண்டாம்னு நான் சொல்லலை."

"ஓரமாத்தான் இருபத்தாறு வருஷமா நிக்காங்க, செயலாளர் சார்" என்றார் தையல்கடை மெஹர்நிசா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கலாமா என்று தீர்மானிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

உலகம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "என் மூஞ்சியப் போயி எதுக்கு" என்று முதலில் வெட்கப்பட்டார். பிறகு, "போடுததுன்னா ஒண்ணு கேக்கேன்" என்றார். "இந்த யூனிபார்ம் கோட்டோட போடாதீங்க. எங்கிட்ட ஒரு பச்சைச் சேலை இருக்கு. வேலை நிரந்தரம் ஆன அன்னைக்கு என் துட்டுல எடுத்தது. இந்தத் தெருவுல ஒரு நாளும் அதக் கட்டிக்கிட்டு வந்ததில்ல. சுவத்துலயாவது கட்டிக்கிடுதேன்."

கைதட்டினார்கள். இந்த முறை நானும் நேரத்துக்குத் தட்டிவிட்டேன்.

கட்டம் போடுவதும் எண் கொடுப்பதும் என் பொறுப்பு. நிறம் கலப்பது மெஹர்நிசா பொறுப்பு. ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்துவதில் இந்த ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள். இருக்கும்.

ஜனவரி 2, வெள்ளி

நிறங்களுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் கொடுத்தேன். மாதிரிப் படத்தில் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அதற்குரிய எண்ணை எழுதினேன். வானம் மூன்று. உலகம்மாளின் சேலை ஏழு. அவர் நிற்கும் செம்மண் தரை ஒன்பது. மெஹர்நிசா கலந்து வைத்த டப்பாக்களின் மூடிகளில் அதே எண்களைக் கறுப்பு மையால் எழுதினேன்.

"சார், இம்புட்டு மெனக்கிடணுமா? கண்ணால பாத்தா தெரியாதா?" என்றார் அவர்.

"முறை என்று ஒன்று இருக்கட்டும்" என்றேன்.

"அப்பம் டப்பாவுலயும் எழுதிருவோமா?"

டப்பாவின் பக்கங்களில் பெயின்ட் வழிந்து எண்ணை மறைத்துவிடும், மூடிதான் சுத்தமாக இருக்கும் என்று விளக்கினேன். சரியான காரணம்தான். ஏழாம் டப்பாவின் அடியில் ஒரு நசுங்கல் இருக்கிறது. கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

முப்பத்தோரு வருடம் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன் என்பதால் இந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மாணவனாக நான் முதலில் சேர்ந்தது வேதியியலில். மூன்றே மாதத்தில் மாற்றிக்கொண்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

சுவரைத் தேய்த்துக் கழுவி, வெள்ளையடித்துக் காயவிட்டு, நூலடித்துக் கட்டம் போட்டோம். செக்கரியா கோட்டுருவம் வரைந்தார். பெருக்கி முடித்துவிட்டுப் போக வந்த உலகம்மாள், தன் முகத்துக்கு எதிரில் வெகுநேரம் நின்றார். "மூக்கு எங்க அம்மைக்குள்ளது மாதிரி இருக்கு" என்றார்.

ஜனவரி 7, புதன்

உள்காலரில் வடிவு அடையாளத்துக்கு இரட்டைத் தையல் போட்ட சட்டைகள் எல்லாம் அழுக்கில் கிடக்கின்றன. ஒற்றைத் தையல் சட்டைக்கு எந்தக் கால்சட்டை என்று வடிவு எழுதி வைக்கவில்லை. நான்காவது நாளாக வேட்டி.

ஜனவரி 11, ஞாயிறு

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணிக்குத் தெருவே கூடிவிட்டது. ஐம்பது பேருக்குக் குறையாது. கோட்டை மீறாமல் பூசக்கூடியவர் என்று உலகம்மாளின் சேலையை எனக்கு ஒதுக்கினார் செக்கரியா. மடிப்புகள் அதிகம் உள்ள பகுதி. மற்றவர்கள் தங்கள் கட்டங்களைத் தொடங்கினார்கள்; எனக்கு அவர்களின் எண்களைச் சரிபார்ப்பதிலேயே நேரம் போயிற்று. பத்தரைக்குத் தேநீர். அப்போது சட்டென்று தூறல் பிடித்துக்கொண்டது. டப்பாவுக்குள் தண்ணீர் போய்விடுமே என்று எல்லோரும் ஓடி, கையில் கிடைத்த மூடிகளைப் போட்டு மூடினோம். நானும் இரண்டை மூடினேன். சுவரின் நடுப்பகுதிக்கு மட்டும் தார்ப்பாய் கட்டினார்கள்.

தூறல் விடவில்லை. தார்ப்பாய்க்குள் காய்ந்த இடம் இருந்ததால், நான் ஏழாம் எண் மூடியிட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சேலையைப் பூசினேன். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு இடத்திலும் கோட்டைத் தாண்டவில்லை. இப்படி ஒரு வேலையை நிம்மதியாகச் செய்து எத்தனையோ வருடம் ஆகிறது. மழை விட்டதும் செக்கரியா தார்ப்பாயை அவிழ்த்தார்.

எல்லோரும் சேலையையே பார்த்தார்கள். பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"என்ன சார் இது?" என்றார் செக்கரியா.

நான் சுவரைப் பார்த்தேன். சேலை சரியாகத்தான் இருந்தது. மடிப்புகள் சரி. முந்தானை சரி.

உலகம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். "தரைக்கு அடிச்சதையே எனக்கும் அடிச்சிருக்கீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மண்ணோட மண்ணா இருக்கட்டும்னுதானே? அதுக்கு எதுக்குச் சேலை என்னன்னு கேட்டீங்க?"

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூதலிங்கம் மெஹர்நிசா பக்கம் திரும்பினார். "நிறம் கலந்தது நீங்கதானே?"

"நான் பச்சைதான் கலந்தேன். அல்லா மேல ஆணை."

"அப்பம் சார்வாள் பச்சையின்னு நெனச்சுக் காவிய அள்ளிப் பூசிட்டாரோ? அவருக்கென்ன கண்ணா தெரியாது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எந்த டப்பா சார் எடுத்தீங்க?" என்று மெஹர்நிசா என்னிடம் கேட்டார்.

"ஏழாம் எண்" என்றேன். அது உண்மை.

ஜனவரி 12, திங்கள்

நேற்று நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு முறை திரும்பப் படித்துப் பார்த்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

டப்பாக்கள் கிடங்கு வாசலில் இருக்கின்றன. ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் ஓர் ஈர்க்குச்சியுடன் போய்ப் பார்த்தேன். அடியில் நசுங்கல் உள்ள டப்பாவுக்கு ஒன்பதாம் எண் மூடி போட்டிருக்கிறது. குச்சியை விட்டு அளந்தேன். கிட்டத்தட்ட முழு டப்பாவும் அப்படியே இருக்கிறது. ஏழாம் எண் மூடி போட்டிருக்கும் டப்பாவில் நசுங்கல் இல்லை. அதில் நான்கு விரற்கடை குறைந்திருக்கிறது.

தூறலில் மூடிகள் மாறியிருக்கலாம். இதிலிருந்து எதையும் திட்டவட்டமாக முடிவு செய்ய இயலாது.

குச்சியைக் கழுவி வைத்தேன்.

ஜனவரி 15, பொங்கல்

தனிப் பொங்கல். அடிப்பிடித்துவிட்டது.

வழக்கமாக உலகம்மாள் பொங்கலன்று வருவார். வடிவு கரும்பும் பச்சரிசியும் கொடுப்பாள். கரும்பு வாங்கி வைத்துக் காத்திருந்தேன். பதினொரு மணிக்குத் தெருவைப் பெருக்கிக்கொண்டு வந்தார். என் வாசலையும் பெருக்கினார். வாசலிலுள்ள பாதாம் மரத்துச் சருகுகளை ஒன்று விடாமல் கூட்டி அள்ளினார். நான் கரும்புடன் படியில் நிற்கிறேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருபத்தாறாம் தேதி சுவரைத் திறந்துவைக்க அவரையே அழைத்திருந்தோம். "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டாராம்.

ஜனவரி 17, சனி

மெஹர்நிசா சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டார். அதற்கு முன் ஒரே ஒரு செய்தி போட்டிருந்தார்: "இருபது வருசமா நிறத்த வச்சுத்தான் சோறு திங்கேன். பச்சை எது காவி எதுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்க. நல்லா இருங்க."

பூதலிங்கம் அதற்குக் கீழே கும்பிடும் படம் ஒன்றைப் போட்டிருக்கிறார்.

நான் பதில் ஒன்று எழுதி, திருத்தி, மறுபடி திருத்தி, அழித்துவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

மெஹர்நிசாவின் கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஒரு சட்டையைக் கையில் எடுத்துப் போயிருந்தேன்.

"என்ன சார்?"

"பொத்தான் தைக்கணும்."

வாங்கிப் பார்த்தார். "எல்லாப் பொத்தானும் இருக்கே சார்."

"ஓ" என்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மத்தியானம் வடிவு அழைத்தாள். "பேரன். மூணு கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

போனுடன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்ன யோசிக்கீங்கன்னு தெரியும். பிள்ளை இப்பம்தான் கண்ணத் தெறந்திருக்கான். நெறம் பாக்கதுக்கு இன்னும் நாள் கெடக்கு."

நாற்பத்து மூன்று வருடத்தில் எங்களுக்குள் அந்தப் பேச்சு வந்தது இதுவே முதல் தடவை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"நம்ம தலைதீபாவளிக்கு. பச்சைச் சேலைன்னு சொல்லி ஒண்ணு எடுத்துட்டு வந்தீங்களே. பிரிச்சா செங்கல் நெறம்."

"நீ ஒண்ணுமே சொல்லலையே."

"நீங்க அவ்வளவு சந்தோசமா நின்னீங்க. நான் என்னத்தச் சொல்ல? பச்சைன்னு நெனச்சுக்கிட்டே கட்டினேன்."

அந்தச் சேலையில் அவளை எடுத்த புகைப்படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளை. தினமும் பார்க்கிறேன். பச்சை என்றுதான் பார்த்திருக்கிறேன்.

அவளிடம் சுவர் விஷயம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு மெஹர்நிசா பாவம்ங்க" என்றாள். குழந்தை அழுத சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

எழுதிவிடுகிறேன். எனக்குப் பச்சை வேறு, செம்மண் வேறு என்று தெரியாது. பிறவியிலேயே அப்படி. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குடுவையில் நிறம் மாறியதைச் சொல்ல முடியாமல் நின்றபோது பக்கத்திலிருந்தவன் சிரித்தான். மறுநாளே விண்ணப்பம் எழுதினேன். "வெளியே சொன்னால் உத்தியோகம் கிடைக்காது" என்றார் அப்பா. உத்தியோகம் கிடைத்து, ஓய்வூதியமும் வாங்குகிறேன். அதற்குப் பிறகும் ஏன் சொல்லவில்லை என்பதற்கு விடை தெரியவில்லை. இது மகள் வழியாகப் பேரனுக்குப் போகலாம் என்று படித்திருக்கிறேன். அவனும் பொத்தான் இருக்கும் சட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

ஜனவரி 21, புதன்

கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். சட்டை எதுவும் எடுத்துப் போகவில்லை. மூடி மாறியதையும், டப்பாவில் எழுதச் சொன்னபோது நான் மறுத்ததையும், என் கண்ணைப் பற்றியும் சொன்னேன். எழுதி மனப்பாடம் செய்திருந்த வரிசையில் வரவில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மெஹர்நிசா தையல் மிஷினில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பத்து நாளு சார்" என்றார். "பத்து நாளா என் வீட்டுக்காரரே எங்கிட்ட கேக்காரு, அசந்து மாத்திக் கலந்துட்டியோன்னு. எனக்கே சந்தேகம் வந்துட்டு. ராத்திரி எந்திரிச்சு நூல்கண்ட எடுத்து வச்சுப் பாத்தேன்."

எனக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஏதோ அவர்தான் ஆசிரியர் என்பதுபோல.

பிறகு அவர், "அப்பம் என் கடைப் போர்டு நல்ல நெறமா இருக்குன்னு போன மாசம் சொன்னது?" என்று கேட்டார்.

"எழுத்து நன்றாக இருந்தது."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொன்னது போதும் சார். உலகம்மாக்கா கிட்ட சொல்லுங்க. அவங்கதான் தன்ன வேணும்னே மண்ணாக்கிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

ஜனவரி 22, வியாழன்

ஆறு மணிக்கே வாசலில் நின்றேன். உலகம்மாள் வந்ததும் சொன்னேன். ஒரே வாக்கியம். "சேலையைக் கெடுத்தது நான்தான், எனக்கு நிறம் தெரியாது."

அவர் நம்பவில்லை.

"பூதலிங்கத்தக் காப்பாத்தப் பாக்கீங்களா சார்வாள்? அவரு சொல்லிக் குடுத்தாரா?"

"இல்லம்மா. உண்மையாகவே தெரியாது."

"படிச்சவங்க. காலேஜ்ல வாத்தியாரா இருந்தவங்க. பச்சை தெரியாதுன்னா யாரு நம்புவா?"

கூட்டி வைத்திருந்த குவியலில் குனிந்து, பாதாம் இலைகள் இரண்டை எடுத்து என் முன்னால் நீட்டினார். "இதுல பழுத்துச் செவந்தது எது?"

நான் கையை நீட்டினேன். பழுத்த இலை கொஞ்சம் தளர்ந்திருக்கும். தொட்டால் தெரியும்.

"தொடாமச் சொல்லுங்க."

பார்த்தேன். இடதுபக்கத்து இலை சற்று மங்கல்போல இருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. "இடது" என்றேன்.

அவர் இலைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் குவியலில் போட்டார்.

"ரெண்டுமே பச்சை, சார்வாள்."

பால்காரர் சைக்கிள் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். எனக்கு முகம் சுட்டது.

"இத இத்தனை வருசமா எப்படிச் சமாளிச்சீங்க?"

"வடிவு சமாளித்தாள்."

அவர் விளக்குமாற்றைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். "ஞாயித்துக்கிழமை நீங்களே அந்தச் சேலைய மாத்தி அடிக்கணும். வேற யாரும் தொடக்கூடாது. தார்ப்பாய் கட்டக்கூடாது. கீழ நான் நிப்பேன். எல்லாரும் பாக்கட்டும்."

சரி என்றேன். இன்று இரண்டு முறை கை கழுவினேன், ஏன் என்று தெரியவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

நடந்ததைச் சங்கக் குழுவில் எழுதினேன். ஏழு வரி. நாற்பத்தாறு பேர் பார்த்திருக்கிறார்கள். பூதலிங்கம் முதலில் பதில் போட்டார்: "நான் சொல்லித்தான் மாத்தி அடிச்சாங்கன்னு பேசினவங்க இப்ப என்ன சொல்லுதீங்க?" அதன்பிறகு அவரே என்னைத் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கண் மருத்துவர் நல்லவர் என்று பத்து நிமிடம் பேசினார். இது மருத்துவத்தால் மாறாது என்று சொன்னேன். "இருந்தாலும் ஒரு தடவ காட்டிருங்க" என்றார்.

மெஹர்நிசா குழுவில் திரும்பச் சேர்ந்திருக்கிறார்.

ஜனவரி 25, ஞாயிறு

ஏழு மணிக்குப் போனபோதே கூட்டம். தார்ப்பாய் இல்லை. நான் ஏணிப்படியில் ஏறி நின்றேன். உலகம்மாள் இன்னும் வரவில்லை.

பேச்சுச் சத்தம் திடீரென்று அடங்கியது. திரும்பினேன். உலகம்மாள் தெருவின் நடுவில் நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் விளக்குமாறு இல்லை. எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் வந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. சேலையில் நெடுநாள் மடித்து வைத்த கோடுகள் கத்திபோல் நின்றன. அப்போதுதான் புரிந்தது.

"அதா?" என்று கேட்டேன்.

"அதுதான். இதப் பாத்து அடிக்கதுக்கு உங்களுக்கு மாதிரி வேணும்லா?" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மாதிரி வச்சும் பிரயோசனம் இல்ல, என்ன?"

டப்பாவை அவரே தூக்கிக் கொடுத்தார். பூசத் தொடங்கினேன். பழைய பூச்சுக்கு மேல் புதுப் பூச்சு. எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. ஈரம் மினுங்கும் இடம் பூசிய இடம், மினுங்காத இடம் பூசாத இடம் என்று வைத்துக்கொண்டேன். வெயில் ஏற ஏற ஈரம் காய்ந்துவிடவே, அதுவும் பிடிபடாமல் போயிற்று.

"இடுப்புக்கிட்ட விட்டிருக்கீங்க, சார்வாள்."

"இங்கா?"

"இன்னும் கீழ. ம், அங்கன. முந்தானையில ஒரு வெரக்கடை செகப்பாவே நிக்கி."

"சார், உங்க வேட்டியிலயும் பச்சை கட்டிக்கிட்டீங்க" என்றார் மெஹர்நிசா. குனிந்து பார்த்தேன். ஏதோ கறை இருந்தது. பச்சை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டே கால் மணி நேரம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முதல் தடவைபோல நிம்மதியாக இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கீழே கேட்க வேண்டியிருந்தது. கேட்கக் கேட்க, கேட்பது பழகிவிட்டது.

"சரியாயிட்டா?" என்றேன் கடைசியில்.

உலகம்மாள் பின்னால் நடந்து, தெருவின் மறுபக்கம் வரை போய் நின்று பார்த்தார். நானும் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். எனக்கு அது பதினோராம் தேதி இருந்த மாதிரியேதான் இருந்தது. சேலையும் தரையும் ஒன்றுக்குள் ஒன்று.

"சரியாயிட்டு, சார்வாள்" என்றார். "நாளைக்கு வந்து தெறந்து வைக்கேன். மூடியப் போட்டுட்டு எறங்குங்க. அந்த டப்பாவோட மூடிதானான்னு யாரையாவது கேட்டுப் போடுங்க."

மெஹர்நிசாவைக் கேட்டுப் போட்டேன். இறங்கி, சட்டைப் பையிலிருந்து கறுப்பு மைப் பேனாவை எடுத்து, டப்பாவின் வயிற்றைத் துணியால் துடைத்து, '7' என்று எழுதினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே 'பச்சை' என்றும் எழுதினேன்.